பீலிக்கு வாய் எந்தப் பக்கம்?

அன்னத்தின் கழுத்துக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் டீமேக்கர் சேரும் மிதித்துக்கொண்டிருந்தோம்.

நுவரெலியா ஏரியில் வாடகைக்கு விடுகிறார்களே, வெள்ளை அன்னம் மாதிரிச் செய்த மிதிபடகு, அதில்தான். புதிதாகக் கல்யாணம் முடித்தவர்கள் ஏறிப் படம் பிடித்துக்கொள்ளும் படகு அது. எங்கள் இரண்டு பேருக்கும் அது கொஞ்சமும் பொருந்தவில்லை என்பது கரையில் நின்ற குதிரைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். சேருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டுகிறவர். எனக்கு முப்பத்து மூன்று. ஜீன்ஸ், நகக்கண்ணில் வார்னிஷ் கறை. சேருடைய மனைவி கரையில் அவித்த சோளத்தைக் கடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கத்தான் சோளம் என்று எனக்குப் பட்டது.

எங்களுக்கு முன்னால், கூப்பிடு தூரத்தில், இரண்டு முழ நீளத்தில் ஒரு சிவப்புப் படகு அசையாமல் மிதந்தது. அது சேர் தன் கையால் செய்த ரிமோட் படகு. அதன் வயிற்றுக்குள் நான் சுற்றிக் கொடுத்த மோட்டார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்வரை அது அந்த ஏரியைக் கிழித்துக்கொண்டு ஓடியது.

"மிஸ், ஒங்க கால் நின்னு போச்சு. மிதிங்க," என்றார் சேர்.

மிதித்தேன். கிட்டப் போகப் போக வாசம் வந்தது. வார்னிஷ் கருகிய வாசம். அந்த வாசத்தில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

திரும்பி வராது

இந்தத் தொடரை முதலில் இருந்து வாசிப்பவர்களுக்கு என் கட்டுநாயக்கக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி.

நான் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு லயத்தில் பிறந்தவள். எல்லாப் பிள்ளைகளும் கட்டுநாயக்கவுக்குத் துணி தைக்கப் போன வயதில் நானும் போனேன். ஆனால் எனக்குக் கிடைத்தது தையல் மெஷின் இல்லை. சின்னச் சின்னக் கம்பிச் சுருள்களைச் சுற்றும் ஒரு தொழிற்சாலை. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைமுடி அளவு கம்பியைச் சுற்றிச் சுற்றி ஒன்பது வருடம் போனது. ஒரு அறையில் ஆறு பேர், மூன்று அடுக்குக் கட்டில், குளிக்க வரிசை, துணி காயப்போட வரிசை. அந்த அறைக்கு இனித் திரும்பிப் போவதில்லை என்று முடிவு கட்டினேன்.

அங்கிருந்து வந்துதான் ஹட்டனில் எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் கடை போட்டேன். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜவ்பர் நானாவின் ஹார்ட்வேர் கடைக்குப் பின்னால் ஒரு அறை. முன்னால் நானா ஆணியும் பெயின்டும் விற்பார், பின்னால் நான் தண்ணீர் மோட்டார், கிரைண்டர், மின்விசிறி என்று எரிந்ததையெல்லாம் பிரித்துப் போட்டுச் சுற்றுவேன்.

போர்டை எழுதினது நானாதான். என் வாய் நீளம் அவருக்குத் தெரியும். நான் யாரிடம் பேசினாலும் "என் கையால சுத்துன மோட்டார் எரிஞ்சு திரும்பி வராது" என்று சொல்லிவிடுவேன். அதையே அவர் சுருக்கி, 'ஸ்டெல்லா மோட்டார் வைண்டிங். ஒருமுறை தந்தால் திரும்பி வராது' என்று மஞ்சள் பெயின்டில் எழுதி மாட்டிவிட்டார்.

ஹட்டன் முழுக்கச் சிரித்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, கொடுத்த மோட்டாரை எப்போ விற்றீங்க என்று கேட்டார்கள். நானா மாற்றி எழுதுகிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சிரித்தார்களே தவிர, வேலை வரவில்லை. ஒரு பெண்பிள்ளை சுற்றிய மோட்டாரை நம்பித் தேயிலை மில்லை ஓட்ட எவருக்கும் மனம் வரவில்லை. மின்விசிறியும் கிரைண்டரும் சுற்றி அறை வாடகை கொடுக்கலாம், அதற்குமேல் எதுவும் நடக்காது. கட்டுநாயக்கவில் அந்த அறையை வாடகைக்கு விட்ட போர்டிங் வீட்டு அம்மாவுக்குப் போன் எடுத்தபோது அவர், ஜன்னல் பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது, அடுத்த மாதம் முடியும்வரை வைத்திருக்கிறேன் வா என்று சிங்களத்தில் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

சாம்பிள் டின்னில் ஒரு மோட்டார்

அந்த நேரத்தில்தான் டீமேக்கர் சேர் வந்தார். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலமெல்லாம் ஒருவழியாக முடிந்து, ரோட்டில் வாகனங்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம் அது.

தேயிலை மில்லில் கொழுந்து வாடுவதில் இருந்து தூள் மூட்டையாகும்வரை எல்லாம் டீமேக்கர் பொறுப்பு. நான் பிறந்த தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து மில் இவருடையது. எங்கள் அம்மாவாக இருந்தால் "டீமேக்கரய்யா" என்று எழுந்து நின்றிருப்பார். நான் கட்டுநாயக்கவில் இருந்து கொண்டுவந்த ஒரே சொத்து 'சேர்' என்ற வார்த்தை. உட்கார்ந்துகொண்டே அதைச் சொன்னேன். அவருக்கும் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வாத்தியாரம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி "மிஸ்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பையில் இருந்து ஒரு தேயிலை சாம்பிள் டின்னை எடுத்து மேசையில் வைத்தார். திறந்தால் உள்ளே தூள் இல்லை. பஞ்சு வைத்துப் படுக்கப் போட்ட ஒரு மோட்டார், என் பெருவிரலைப் போல் இரண்டு மடங்கு தடிப்பு. எரிந்து கறுத்திருந்தது.

படகுக்கு என்றார். விளையாட்டுப் படகா என்று கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. மாதிரிப் படகு என்று திருத்தினார்.

பிறகு அந்தப் படகைக் கொண்டுவந்து காட்டினார். அந்தக் காலத்தில் தூள் அடைத்து அனுப்பிய பலகைப் பெட்டிகள் இருந்தனவே, இப்போது காகிதப் பை வந்த பிறகு மில்லின் மூலையில் கிடந்த அந்தப் பெட்டிப் பலகையை அறுத்து, வளைத்து, ஒட்டிச் செய்திருந்தார். வெளியே ஐந்து பூச்சுச் சிவப்புப் பெயின்ட். உள்ளே எட்டிப் பார்த்தால் பலகையில் தோட்டத்து அச்சு எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை.

மோட்டாரைச் சுற்றிக் கொடுத்தேன். கம்பி தடிப்பு, இடம் கொஞ்சம், மூன்று நாள் எடுத்தது. கட்டுநாயக்க ஒன்பது வருடமும் அந்த மூன்று நாளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓடி, மறுபடி எரிந்தது. அதுவும் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நடுவில். படகைக் காற்று கரைக்குத் தள்ளிக்கொண்டு வர மூன்று நாளானதாம்.

அதே சாம்பிள் டின். அதே பஞ்சு. என் போர்டைத் தாண்டித்தான் அவர் உள்ளே வந்தார். போர்டைப் பார்த்தாரா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருந்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கொழுந்து வாட்டும் மேல்மாடியில் காற்றூதும் பெரிய மோட்டார்களைப் பற்றிச் சொன்னார். மழைக்காலத்தில் ஒன்று மாற்றி ஒன்று எரியும். இத்தனை வருடமாக எல்லாம் லொறியேறிக் கண்டிக்குத்தான் போகிறது. போய்வர இரண்டு கிழமை, பதினாலு நாள்.

"ஒங்க வேல சுத்தமா இருக்கு மிஸ், அத நான் சும்மா சொல்லல. ஆனா எரிஞ்சிருச்சே. இந்தச் சின்னது நின்னு ஓடட்டும், பெரிய மோட்டாரெல்லாம் ஒங்ககிட்ட வரும். ஓடலேன்னா கண்டிக்கே போகட்டும்."

ஆகக் கதை இதுதான். மில் மோட்டார் வந்தால் நான் ஹட்டனில் இருப்பேன். வராவிட்டால் ஜன்னல் பக்கத்துக் கட்டில். எல்லாம் அந்தச் சிவப்புப் படகின் வயிற்றுக்குள் இருந்தது.

மூச்சு முட்டுகிறது

நான் மோட்டாரை விட்டுவிட்டுப் படகைப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று மூடியைச் சுற்றி சேர் டேப் ஒட்டியிருந்தார். ஓட்டை என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. உள்ளே மோட்டார் கொதித்தால் அந்தச் சூடு எங்கே போகும்?

மோட்டாருக்கு மூச்சு முட்டுகிறது என்றேன். கினிகத்தேனை ஏற்றத்தில் பழைய பஸ்ஸை நிறுத்திப் போத்தலில் தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதுபோல இதற்கும் தண்ணீர் காட்டவேண்டும் என்றேன். படகு தண்ணீரில்தானே ஓடுகிறது, கீழே இருந்து கொஞ்சம் எடுத்து, மோட்டாரைச் சுற்றிக் குழாயில் ஓடவிட்டு, பக்கவாட்டில் வெளியே தள்ளினால் போதும்.

சேருக்கு அது தெரிந்துதான் இருந்தது. வெளிநாட்டில் அதற்கென்றே சாமான் விற்கிறார்களாம், தபாலில் வர இரண்டு மாதமாகும் என்றார்.

எனக்கு இரண்டு மாதமில்லை. என் வாய் முந்திக்கொண்டது. எதற்கு வெளிநாடு, நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் நானா முன்கடையில் இருந்து எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, ஒங்கட கை நல்ல கை. வாய்தான் கைக்கு முந்திப் பாயுது," என்றார்.

பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றில் இருந்து கழற்றிய மெல்லிய செப்புக்குழாய் நானாவிடம் கிடந்தது. அதைச் சும்மா வளைத்தால் மடிந்து அடைபட்டுப் போகும். உள்ளே எதையாவது இறுக அடைத்துக்கொண்டுதான் வளைக்கவேண்டும். நானா வீட்டில் இருந்து தூள் உப்பு கேட்டேன். கருவாடா போடப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே கொண்டுவந்து தந்தார். உப்பை அடைத்து, இரண்டு முனையையும் மூடி, அடுப்பில் காட்டி இளக்கி, மோட்டார் தடிப்பில் ஒரு கட்டையைச் சுற்றி ஏழு சுற்று. பிறகு தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து ஓடிவிடும். அந்தச் சுருளை மோட்டாரின் இடுப்பில் மாட்டியபோது அது ஒட்டியாணம் கட்டிய மாதிரி இருந்தது.

மற்றதெல்லாம் ஊரில் கிடைத்தது. பார்மசியில் சேலைன் ஏற்றும் ரப்பர் குழாய். வெளியே தண்ணீர் வர, தீர்ந்துபோன பேனையின் பித்தளைக் குச்சி. படகின் பின்னடியில், அதைத் தள்ளும் விசிறிக்குப் பின்னால், சேர் போட்டுத் தந்த துளையில், தண்ணீர் எடுக்க ஒரு வளைந்த செப்பு வாய்.

அந்த வாயை மாட்டும்போதுதான் எங்கள் ஊரில் தண்ணீர் கொட்டும் பீலி ஞாபகம் வந்தது.

தண்ணிக்கு முதுகு

எங்கள் லயத்துப் பீலிக்குத் தண்ணீர் மேலே காட்டு ஓடையில் இருந்து வரும். மூங்கில் போய், இரும்புக் குழாய் போய், என் காலத்தில் கறுப்புக் குழாய். லயத்துப் பக்கம் அது கொட்டுகிற இடத்தில்தான் குளிப்பு, துவைப்பு, சண்டை, சமாதானம் எல்லாம். தண்ணீர் நின்றுபோனால் யாராவது மேலே ஏறிப் போய்க் குழாயின் வாயைப் பார்க்கவேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த யாராவது நான்தான். அடைமழையில் ஓடை முழுக்கச் சருகும் மணலும் வரும். காலில் நாலு அட்டையோடு ஏறிப் போய் வாயைத் தோண்டிவிட்டு வருவேன். மறுநாள் மறுபடி அடைக்கும்.

அதற்குத்தான் அந்தப் பாடம். எங்கள் பக்கத்தில் குழாய் போடுகிற எவரும் சொல்வது இது: "தண்ணிக்கு முதுகு காட்டி வை." வாயை ஓட்டத்துக்கு எதிரே திறந்து வைத்தால் வருகிற குப்பையெல்லாம் நேரே உள்ளே. ஓட்டம் போகிற பக்கம் திருப்பி, கொசுவுக்குக் கட்டும் நுளம்பு வலைத் துண்டொன்றைக் கட்டிவிட்டால் தண்ணீர் மட்டும் நல்லபிள்ளையாக வரும். எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிவதற்கு முன்னால் இது தெரியும்.

நுவரெலியா ஏரியில் பாசியும் சருகும் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? படகின் அடியில் அந்தச் செப்பு வாயை அழகாகப் பின்பக்கம் திருப்பினேன். நுளம்பு வலையை வெட்டி நூலால் கட்டினேன். சேர் வந்து பார்த்தார்.

தண்ணிக்கு முதுகு காட்டி வைத்திருக்கிறேன் என்றேன். சரிதான் என்று தலையை ஆட்டினார். அவர் குவார்ட்டர்ஸ் தோட்டத்துக் குழாயும் அப்படித்தான் என்றார். ஒரு டீமேக்கரும் ஒரு வைண்டிங்காரியும் இப்படி ஒரே மனதாக எதையும் ஒப்புக்கொண்டது அந்தப் பள்ளத்தாக்கில் அதுவே முதல்முறையாக இருக்கும்.

சோதிக்காமல் கொடுக்கவில்லை. கடைப் பைப்பில் இருந்து குழாயிழுத்து அந்த வாயில் செருகித் திறந்தேன். ஏழு சுற்றையும் சுற்றிவிட்டு, பேனைக்குச்சி வழியாக மெல்லிய தாரையாகத் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே வந்தது. நானா கைதட்டினார். ஆணி வாங்க வந்தவர்களும் வந்து பார்த்தார்கள். அந்தத் தாரைக்குப் பேர் என்ன என்று ஒருவர் கேட்க, பீலி என்றேன். அதில் இருந்து எல்லோருக்கும் அது பீலிதான்.

வாயை மூடிய ஒரே நாள்

காசல்ரீ வேண்டாம், நின்றுபோனால் எடுக்க ஆளில்லை என்று சேர் நுவரெலியா ஏரியைச் சொன்னார். அங்கே அன்னப் படகு இருக்கிறது. எரியும் என்று முன்கூட்டியே நினைத்துத்தான் வந்தாரோ என்று அப்போதே எனக்கு ஒரு குத்தல்.

அவருடைய வான் வண்டியில் போனோம். காலையில் மூடியிருந்த பனி மத்தியானத்துக்குள் கலைந்து, தண்ணீர் நீலமாகக் கிடந்தது. சேர் முழங்கால்வரை காற்சட்டையை மடித்துவிட்டு, டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, படகைத் தண்ணீரில் வைத்தார். ரிமோட்டின் விசையை அழுத்தினார்.

அது போன போக்கை எழுத எனக்குத் தெரியாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் தண்ணீரைப் பிளந்துகொண்டு பறந்தது. கரையில் நின்றவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். சேர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மனிதர் வீட்டில் இப்படிச் சிரித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்.

நான் பீலியைத் தேடினேன். படகின் பக்கவாட்டில் தாரை தெரியவேண்டும்.

தெரியவில்லை.

தூரம் என்று நினைத்தேன். வெயில் கண்ணில் படுகிறது என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க வாயை மூடத் தெரியாத நான் அந்த ஒரு நிமிடம் மட்டும் மூடிக்கொண்டேன். "சேர், நிப்பாட்டுங்க" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் மோட்டார் பிழைத்திருக்கும். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது சுற்றில் வேகம் குறைந்தது. மூன்றாவது சுற்றின் நடுவில் நின்றது.

அப்படித்தான் நாங்கள் அன்னத்தில் ஏறினோம்.

பின்னுக்கு மிதித்தது

சிவப்புப் படகைக் கைநீட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மூடியைப் பிரித்தேன். செப்புச் சுருளைத் தொட்டதும் விரல் சுட்டது. சூடு எனக்குப் பெரிதில்லை. அது காய்ந்துபோய் இருந்ததுதான் பெரிது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே ஓடியிருக்கவில்லை. குழாயில் வாய் வைத்து ஊதினேன். மூச்சு தாராளமாகப் போனது. வலையில் ஒரு பாசித் துண்டும் இல்லை. அடைப்பு கிடையாது, ஒழுக்கு கிடையாது, தண்ணீரும் கிடையாது.

சேர் என்னைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பரவால்ல மிஸ். கண்டியிலயும் ஆள் இருக்காங்கதானே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிச் சொன்னார். அந்த மூன்றடுக்குக் கட்டில் ஏரித் தண்ணீரில் மிதந்து வருகிற மாதிரி எனக்குத் தெரிந்தது.

சூடு தணியட்டும் என்று படகை அன்னத்தின் பக்கத்தில் தண்ணீரோடு பிடித்துக்கொண்டேன். அதன் மூக்கும் அன்னத்தின் மூக்கும் ஒரே பக்கம். மிதித்தோம். பேனைக்குச்சியில் ஒன்றும் வரவில்லை. வராதுதானே என்று இருந்தேன்.

அப்போது ஒரு கல்யாண ஜோடி தங்கள் அன்னத்தைத் திருப்பத் தெரியாமல் நேரே எங்கள் மேல் வந்தது. மாப்பிள்ளை பெண்ணைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார், பெண் கூந்தலைச் சரிசெய்துகொண்டிருந்தார். மிதிப்பது யார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். சேர் பதறிப்போய் மிதியைப் பின்பக்கமாக மிதித்தார். எங்கள் அன்னம் பின்னுக்குப் போனது.

பேனைக்குச்சியின் நுனியில் ஒரு சொட்டு வந்தது. இன்னொன்று. பிறகு நூலாக, வளைந்து, பீலி.

ஜோடி ஒதுங்கியதும் சேர் மிதிப்பதை நிறுத்தினார். பீலியும் நின்றது.

"நிப்பாட்டாதீங்க சேர். பின்னுக்கே மிதிங்க."

"என்னாத்துக்கு?"

"மிதிங்களேன்."

நல்ல மனிதர், மிதித்தார். இரண்டு பேரும் மூச்சு வாங்க மிதித்தோம். பீலி ஓடியது. முன்னுக்கு மிதித்தோம், நின்றது. மறுபடி பின்னுக்கு, ஓடியது. நாலைந்து முறை அந்த அன்னத்தை முன்னும் பின்னும் ஆட்டினோம். கரையில் சேருடைய மனைவி சோளத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றதைப் பார்த்தேன். எங்களுக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மலையில் தண்ணீர் தானாக வரும். மேலே இருக்கிறது, கீழே கொட்டுகிறது, அவ்வளவுதான். வாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் பள்ளம் அதை இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஏரியில் மேலும் இல்லை, கீழும் இல்லை. அங்கே தண்ணீரை உள்ளே தள்ளுவது படகின் ஓட்டம் மட்டும்தான். அதற்கு வாய் முன்னுக்குத் திறந்திருக்கவேண்டும். நான் வைத்த மாதிரி முதுகு காட்டி வைத்தால் படகு ஓட ஓட, உள்ளே இருக்கிற தண்ணீரையும் அது உறிஞ்சி வெளியே விட்டுவிடும். கடையில் செருகிய பைப் என்னை ஏமாற்றியிருந்தது. அந்தத் தண்ணீரும் மலையில் இருந்து இறங்கி வருவதுதானே. அது எந்த வாயிலும் முட்டிக்கொண்டு நுழையும்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ரப்பர் குழாய் ஆட்டத்தில் கழன்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். துளை போட்டது சேர், தலையாட்டியதும் சேர், பாதியை அவர் தலையில் கட்டியிருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எல்லாம் தோன்றியது. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கரையில் வாயை மூடிக்கொண்டதன் பலன் மடியில் கருகிக் கிடந்தது.

"சேர், நான் சுத்துனதுல பிழ இல்ல. மாட்டுன வாய்ல பிழ. பின்பக்கம் பாத்து மாட்டிட்டேன். இந்த மோட்டார எரிச்சது நான்தான்."

அவர் மிதிப்பதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் படகைத் தூக்கி அந்த வாயைக் காட்டினேன். காட்டிய வேகத்தில் சுருளில் நின்ற தண்ணீர் அவருடைய மடியில் கொட்டியது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை. வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும்தானே சரின்னு தலையாட்டினேன்," என்றார் கடைசியில்.

பிறகு கரைப் பக்கம் மிதிக்கத் தொடங்கினார். மில் மோட்டாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கரைக்கு வந்ததும் அவருடைய மனைவி, நனைந்த காற்சட்டையைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு சோளம் வாங்கித் தந்தார். திரும்பி வரும்போது சிவப்புப் படகை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். நான் சோளத்தைத் தின்று தீர்த்தேன். துக்கத்திலும் எனக்குப் பசிக்கும்.

லொறி

அந்தக் கிழமையே மோட்டாரை மூன்றாம் முறை சுற்றினேன். செப்பு வாயை முன்பக்கம் திருப்பி, வலையை வெட்டி எறிந்தேன். சேர் ஆளனுப்பி எடுத்துக்கொண்டார். அவர் வரவில்லை.

ஒரு கிழமை போனது. இன்னொன்றும் போனது. போர்டிங் வீட்டு அம்மா சொன்ன மாதம் முடிய நாலு நாள் இருந்தது. என் சாமான்களைக் கட்டத் தொடங்கினேன். கம்பிச் சுருள்களை யாருக்காவது விற்றுத் தாருங்கள் என்று நானாவிடம் சொன்னேன். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போனார். போர்டைக் கழற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஏணியில் ஏறி, அதைத் துடைத்துவிட்டு இறங்கினார். அதற்கு எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

மறுநாள் காலை மில் லொறி வந்து நின்றது. நாலு பேர் தூக்கமாட்டாமல் தூக்கி இறக்கினார்கள். மேல்மாடியில் காற்றூதும் மோட்டார், என் இடுப்பு உயரம், உச்சி முதல் அடிவரை தேயிலைத் தூசி. அதன் மேல் நூலால் ஒரு சாம்பிள் டின் கட்டியிருந்தது.

திறந்தேன். உள்ளே பஞ்சு இல்லை. மில் காகிதத்தில் நாலாக மடித்த ஒரு துண்டு. மணிமணியான டீமேக்கர் எழுத்து, இரண்டே வரி.

'பீலி நன்றாக ஓடுகிறது.

இதற்கும் வாய் எந்தப் பக்கம் என்று பார்த்து மாட்டவும்.'

நான் சிரித்தேன். பிறகு அந்த மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். சட்டை முழுக்கக் கிரீஸ். லொறிக்காரர்கள் நானாவைப் பார்த்தார்கள். நானா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி உள்ளே போனார்.

கையைக் கழுவிவிட்டுக் கட்டுநாயக்கவுக்குப் போன் எடுத்தேன். ஜன்னல் பக்கத்துக் கட்டிலை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள் என்றேன்.